கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தம்பி பெண்டாட்டியை எனக்குப் பிடிக்காது. வந்த நாளிலிருந்தே பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் எழுந்து போகலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். அந்த நேர்மை எனக்கு உண்டு. அவளுக்கும் உண்டு என்பதுதான் எரிச்சல்.

அவள் கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பு எடுப்பவள். தெருவில் அவளுக்கு வைத்த பெயர் லிட்மஸ். வைத்தது நானில்லை, பால்காரர். வாசலில் அவர் நிற்கும்போதே, அவர் ஊற்றிய பாலில் ஆசிட் பார்க்கிற லிட்மஸ் தாளை முக்கிப் பார்த்தாள். மனுஷர் அதோடு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தெருமுனை வரை நடந்து பால் வாங்கி வந்தது யார்? நான்.

அவளுடைய அப்பா சலவைக் கடை வைத்திருந்தவர். துணியில் கறை எதனால் விழுந்தது என்று கண்டுபிடித்தால்தான் அதை எடுக்க முடியும். சின்ன வயசில் அந்தக் கடையில் பழகியதை அவள் மனுஷர்களிடமும் காட்டுவாள். யார் என்ன சொன்னாலும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். ஒரு சாவு வீட்டில், நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று அழுதுகொண்டே சொன்ன அம்மாளிடம், "டாக்டர் சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டாளே பார்க்கணும். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நான் தையல்காரி. முன்னறையில் என் மிஷின், வெட்டுகிற மேஜை, இஸ்திரிப் பெட்டி. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது நான். கல்யாணம் காட்சி என்று எனக்கு எதுவும் நடக்கவில்லை, அதைப் பற்றி யாரும் வருத்தப்படவும் வேண்டாம். அவன் பெண்டாட்டி என்று ஒருத்தி வந்து, என் வீட்டு அடுப்படியில் நின்று, என்னிடமே கேள்வி கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

தம்பி பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தான். சார்ஜிங் ரூம். புதிதாகச் செய்த பேட்டரிகளை வரிசை வரிசையாக அடுக்கி, ஆசிட் ஊற்றி, மின்சாரம் ஏற்றுகிற இடம். ஏற ஏற உள்ளே கொப்புளம் கிளம்பி உடையும். கதவைத் திறந்தாலே தொண்டையைப் பிடிக்கும் என்பான். அவன் சட்டைகளைத் துவைத்தால் ஊசியால் குத்தியது போலப் பொடி ஓட்டைகள் விழும். நான் சோப்பைத் திட்டுவேன்.

"அண்ணி, சோப்புல ஓட்டை விழாது. ஆசிட்லதான் விழும்."

"ஆமாம்மா, இந்த ஊருல நீ ஒருத்திதான் படிச்சவ."

"ஓட்டையைத் தைக்கிறது நீங்க. எதனால விழுதுன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

இப்படித்தான் பேசுவாள். குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தினாலாவது நாமும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு ஓயலாம்.

பிறகு பல் பிரச்சினை வந்தது. தம்பியின் மேல்வரிசை முன்பற்கள் தேய ஆரம்பித்தன. கடித்துச் சாப்பிடுவதை விட்டான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். கல்யாணம் ஆனதும் புதுசாகக் கூச்சம் வந்திருக்கிறது என்று நான் கேலி செய்தேன். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், அதனால் தேய்கிறது என்று சொல்லிவிட்டார்.

இவள் சும்மா இருப்பாளா? நேரே அவர் அறைக்குப் போய், "பக்கத்துல படுக்கிறது நான். எனக்குக் கேக்காத சத்தம் உங்களுக்கு எப்படி டாக்டர் கேட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறாள். வெளியே காத்திருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் அதை மறக்கவே இல்லை.

வெளியே ஒரு பல் டாக்டரிடம் காட்டினாள். அவர் பார்த்த மாத்திரத்தில் என்ன வேலை என்று கேட்டார். காற்றில் ஆசிட் கலந்த இடத்தில் வாயைத் திறந்து பேசினால், மூச்சு விட்டால், முன்பல் கரையும் என்றார். அந்த அறையிலேயே இருந்தால் மேல்வரிசை முழுக்கப் போகும், பிறகு கீழ்வரிசை. மருந்து கிடையாது, இடத்தை விட்டு வருவதுதான் வழி.

இதில் ஒரு சங்கடம். தம்பிக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பேட்டரி வேலையைத் தவிர எதுவும் தெரியாது, இந்த வயசில் புதிதாக யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதே கம்பெனியில் பாகங்களைப் பூட்டுகிற பிரிவு இருக்கிறது. அங்கே ஆசிட் கிடையாது. அங்கே மாற்றிவிட்டால் பல்லும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும். அவன் போய்க் கேட்டான். மேலாளர் எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறார்.

"எங்க ரூம்ல காத்து சுத்தமா இருக்குப்பா. மீட்டரே மாட்டி வச்சிருக்கோம். ஆசிட் இருக்குன்னு உன் வீட்டம்மா நிரூபிச்சுக் காட்டட்டும், மறுநாளே உன்னை மாத்திடறேன்."

அந்த மீட்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? வாசல் கதவுக்கு மேலே, காற்றாடிக்கு அடியில், வெளிக்காற்று அடிக்கிற இடத்தில்.

தம்பி இதை வீட்டில் வந்து சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, "மறுநாளேன்னு சொன்னாரா? யார் யார் கேட்டாங்க?" என்றாள்.

"இந்தாம்மா, அவர் கிண்டலுக்குச் சொல்லியிருக்கார். அவன் வேலைக்கு உலை வச்சுடாதே," என்றேன்.

"கிண்டலோ என்னவோ, சொன்னது சொன்னதுதானே அண்ணி."

மெத்தில் ஆரஞ்சு என்று ஒரு சாயம். கடும் ஆசிட் பட்டால் சிவப்பாகும், இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும். அதில் துணியை நனைத்துக் காயவைத்து அந்த அறையில் தொங்கவிட்டால், துணியே சாட்சி சொல்லும் என்றாள். அந்தச் சாயத்தைத் தானே செய்யப்போகிறாளாம்.

"கடையில கிடைக்காதா?"

"சின்னச் சின்னப் பாட்டில்லதான் கிடைக்கும். நமக்குத் துணி நனைய ஒரு தட்டு நிறைய வேணும். அதோட நானே செஞ்சா அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு எவனாவது நோண்டிக் கேட்டா பதில் சொல்லணும்ல."

"லிட்மஸ்தான் கட்டுக் கட்டா வச்சிருக்கியே?"

"லிட்மஸ் வேர்வைக்கே சிவந்துடும். வேர்வைன்னு சொல்லி ஒதுக்கிடுவாங்க. இது வேர்வைக்கு அசையாது."

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்ய முதல்வரிடம் அனுமதி வாங்கினாள். தம்பிக்கு ஷிப்டு. ஐஸ் தூக்கிவர ஆள் வேண்டும். அவர்களுடைய ஒன்றரை வயசுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சாக்குப் பையில் ஐஸ்கட்டியோடு அவள் பின்னால் நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் எனக்கும் தூக்கம் வராது.

ஆய்வகம் நீளமான அறை. கருங்கல் மேஜை, வரிசையாகக் குழாய்கள், ஜன்னலில் புறா எச்சம். வெள்ளைப் பொடி ஒன்றைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் போட்டுக் கலக்கினாள். சல்ஃபானிலிக் அமிலம் என்றாள். தெளிந்ததும் ஆறவைத்து, சோடியம் நைட்ரைட் என்று இன்னொன்றைச் சேர்த்தாள். வேறொரு குடுவையில் ஆசிட், அதைச் சுற்றி ஐஸ். முதல் குடுவையில் இருந்ததை அதில் சொட்டுச் சொட்டாக விட்டாள். மாவு கரைத்தது போல வெள்ளையாகக் கலங்கி வந்தது.

"இதுதான் டையசோனியம். அஞ்சு டிகிரியைத் தாண்டினா தாங்காது, கெட்டுடும்."

"உன்ன மாதிரியா?"

"இல்ல, உங்கள மாதிரி," என்றாள் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடுவையைத் தட்டிவிட்டிருப்பேன். தேவைப்படவில்லை. ஒரு கட்டி போதும் என்று ஐஸ் வாங்கச் சொன்னவள் அவள்தான். அது வழியிலேயே பாதி கரைந்திருந்தது, மீதி அங்கே கரைந்தது. பாதரசம் ஏறியது. குடுவைக்குள் பொறுபொறுவென்று நுரை கிளம்பியது. வெள்ளை மங்கி, பழுப்பாகி, கடைசியில் அடியில் தார் போல ஒட்டிக்கொண்டது.

"அப்பாடா, சாயம் வந்துடுச்சு. எந்தத் துணியை நனைக்கலாம்?" என்றேன்.

அவள் குடுவையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தார் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். தோற்றுப்போனவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்த பிறகு பெரிதாகச் சந்தோஷம் வரவில்லை. அந்த வாரம் தம்பி கஞ்சியைக்கூட ஆறவைத்து, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு நானே மீன் சந்தைக்குப் போய், எனக்குத் தெரிந்த மீன்காரியிடம் பெட்டியோடு ஐஸ் வாங்கி வந்தேன். அவளுக்காக இல்லை, என் தம்பிக்காக. காவல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா, காலேஜுல கடை போடப்போறீங்களா?" என்றார். "ஆமா, நெத்திலி வேணுமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும்.

இந்தத் தடவை குடுவையைக் கழுத்து வரை ஐஸில் புதைத்தாள். வெள்ளைக் கலங்கல் வெள்ளையாகவே இருந்தது. டைமெத்தில் அனிலின் என்று ஓர் எண்ணெய், அதன் நாற்றத்துக்கு முன்னால் மீன் பெட்டியே வாசனை. அதை வினிகரில் இருக்கிற அமிலத்தோடு கலந்து, மெல்ல மெல்ல ஊற்றினாள். ஊற்றின இடமெல்லாம் சிவந்தது. சிவப்புக் குழம்பாகக் கெட்டிப்பட்டது. காஸ்டிக் சோடாவைச் சொட்டுவிட்டுக் கலக்கக் கலக்க, சிவப்பு விலகி ஆரஞ்சு வந்தது. சூடாக்கி, உப்புப் போட்டு, மறுபடி ஐஸில் வைத்தாள். ஆரஞ்சுத் துகள்கள் மினுமினுவென்று அடியில் இறங்கின. அழகாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

துகளைத் தண்ணீரில் கரைத்து, வரிசையாகச் சோதனைக் குழாய்களில் விட்டுப் பார்த்தாள். எலுமிச்சைச் சாறில் சிவப்பு. வினிகரில் சிவப்பு. தம்பி கொண்டுவந்த பேட்டரி ஆசிட்டை எவ்வளவோ தண்ணீர் விட்டு நீர்க்கவைத்தும் சிவப்பு. குழாய்த் தண்ணீரில் மஞ்சள், சோப்புத் தண்ணீரில் மஞ்சள், சலவைச் சோடாவில் மஞ்சள். ஆசிட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் சிவப்பு விட்டு ஆரஞ்சாகி மஞ்சளாகிறது என்பதையும் பார்த்துவைத்தாள். பிறகு சாயத்தில் நனைத்துக் காயவைத்த துணித் துண்டு ஒன்றை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் என் பின்கழுத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"என்னடி பண்றே?"

"வேர்வை. பாருங்க, மஞ்சளாவே இருக்கு. உங்க வேர்வைக்கே மாறலைன்னா யார் வேர்வைக்கும் மாறாது."

வெள்ளைக் காடாத் துணியில் அகலமாகத் துண்டுகள் வெட்டி, பிரியாமல் ஓரம் அடித்துக் கொடுத்தது நான். என் மேஜையில் இன்னமும் அந்த மஞ்சள் கறை இருக்கிறது. தம்பி துண்டுகளைச் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போய், சார்ஜிங் ரூமில் தூண்களுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் கட்டினான். கூட வேலை செய்கிறவர்களே அவனை முறைத்தார்கள். "உன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ரூமையே இழுத்து மூட வச்சுடாதேப்பா," என்று ஒருவன் காலரைப் பிடித்திருக்கிறான். அவனுக்கும் முன்பல் அரைதான்.

ஒப்பிட்டுக் காட்ட ஒரு துண்டு வேண்டும், அது ஆசிட் இல்லாத இடத்தில் தொங்க வேண்டும் என்றாள். அது மஞ்சளாகவே இருந்தால்தான், சிவந்தது அந்த அறையின் காற்றால் என்று ஆகும். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் அதைத் தொங்கவிட்டாள். வெயில் படாது, அடுப்புப் புகை வராது, குழந்தைக்கு எட்டாது என்றாள். அவள் சொன்ன காரணம் மூன்றும் சரி.

சில நாளில் சார்ஜிங் ரூமில் கட்டிய துண்டுகள் புள்ளி புள்ளியாகச் சிவந்து, புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, முழுக்கச் சிவந்துவிட்டன. தம்பி ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி எடுத்து வந்தான். அவள் தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்து, மேலாளரிடம் பேச ஒரு நாள் குறித்தாள். அன்றைக்குக் கல்லூரியிலிருந்து நேரே கம்பெனிக்குப் போய்விட்டாள். "கதவுக்குப் பின்னாடி இருக்கிற மஞ்சள் துண்டை எடுத்துட்டு கம்பெனி கேட்டுக்கு வந்துடுங்க அண்ணி," என்று என்னிடம் சொல்லியிருந்தாள். கதவு மூலையில் வெளிச்சம் கிடையாது. என் பக்கம் இருந்தது மஞ்சளாகத்தான் தெரிந்தது. நாலாக மடித்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

மேலாளர் அறையில் மேலாளர், கம்பெனி டாக்டர், சங்கத் தலைவர், சுவரோரம் என் தம்பி. எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மேஜை மேல் வெள்ளைத்தாள் விரித்து, சிவந்த துண்டுகளை வரிசையாக வைத்தாள். புதுத் துண்டு ஒன்றில் எலுமிச்சையைப் பிழிந்து சிவப்பாக்கிக் காட்டினாள். இன்னொரு துண்டைச் சங்கத் தலைவரிடம் கொடுத்து, கழுத்தைத் துடைக்கச் சொன்னாள். அவருக்கு வேர்வைக்குப் பஞ்சமில்லை. துண்டு மஞ்சளாகவே இருந்தது. "நியாயமாத்தான் இருக்கு சார்," என்றார் அவர். மேலாளர் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"துணி கிடக்கட்டும். பல்லு பல்லுன்னு சொல்றீங்களே, அதைக் காட்டச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "வாயைத் திறப்பா."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தான். மேல்வரிசையில் முன்பல் என்று சொல்ல, ஈறை ஒட்டி மெல்லிய விளிம்புதான் மிச்சம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைப் பார்த்ததில்லை.

"கடிக்கிறதுதான். நான் சொன்னேனே," என்றார் டாக்டர், கையில் விளக்குகூட எடுக்காமல். "சரிம்மா, செய்முறை வகுப்பெல்லாம் எடுக்கறீங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு வச்சிருப்பீங்களே, அது எங்க?"

"வீட்டுல தொங்கினது. அண்ணி, கொடுங்க."

நான் பேப்பரைப் பிரித்து நீட்டினேன். அவள் வாங்கி, மடிப்பைப் பிரித்து, மேஜை மேல் விரித்தாள்.

ஒரு பக்கம் மஞ்சள். மறு பக்கம், மேலிருந்து பாதி வரை, திட்டுத் திட்டாகச் சிவப்பு.

முதலில் சிரித்தது டாக்டர். பிறகு மேலாளர். "என்னப்பா, உன் வீட்டுலயும் நாங்கதான் பேட்டரி சார்ஜ் பண்றோமா?" சங்கத் தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துணியோடு பிழைக்கிறவள் நான். அது ஒரு சட்டை முதுகு உரசிய தடம்.

"சார், சிரிக்காதீங்க," என்றேன். "அந்த ஆணியிலதான், துணிக்கு அடியில, இவன் வேலைச் சட்டையைக் கழட்டி மாட்டுவான். உங்க ரூம்ல இருந்த ஆசிட்தான் சட்டையோட எங்க வீட்டுக்கு வந்திருக்கு. சட்டையில வந்து ஒட்டுற அளவுக்குக் காத்துல இருக்குன்னா, வாய்க்குள்ள போகாதா? கண்ணிருந்தா பாருங்க, இல்லைன்னா கண்ணாடி போட்டுப் பாருங்க."

"அப்படின்னா சட்டையில ஆசிட்டைக் கொட்டிக்கிறான்னு அர்த்தம்மா," என்றார் மேலாளர். "கவனமில்லாத ஆளு. அப்படித்தான் பல்லும் போயிருக்கு. மாத்தறதுக்கெல்லாம் இல்ல. இன்னொரு தடவை ரூமுக்குள்ள கந்தலைக் கட்டினா வீட்டுக்கு அனுப்பிடுவேன். நீ போய் வேலையைப் பாருப்பா."

தம்பி போய்விட்டான். அதே அறைக்கு. துண்டுகளைக் கூட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டது மேலாளரின் ஆள்.

வீடு வரும் வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "புகை வராது, வெயில் படாதுன்னு மூணு காரணம் சொன்னியே, புருஷன் சட்டை எங்க தொங்குதுன்னு தெரியாதா? நாள் பூரா எல்லாரையும் கேள்வி கேக்கிறவ, உன்னை நீயே ஒரு கேள்வி கேட்டியா? ஊர் முன்னாடி அவன் வாயைத் திறக்க வச்சு மானத்தை வாங்கிட்டியேம்மா."

"என் தப்புதான் அண்ணி."

எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள். இஸ்திரி போடும்போது நான் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த சாயக் கரைசலை அதில் ஊற்றினாள். படுக்கையறைக்குள் போனாள். தம்பியின் தலையணை உறையில் தெளித்தாள். மஞ்சள் பரவி, நடுவில் சிவப்புப் புள்ளிகள் எழுந்தன. அவன் தோளில் போடுகிற துண்டில் தெளித்தாள். அவன் உட்கார்கிற நாற்காலியின் முதுகுத் துணியில் தெளித்தாள். எல்லாவற்றிலும் சிவப்பு.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? உறையெல்லாம் பாழாக்கறே," என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. என் தலையணையிலும் தெளித்தாள், அது மஞ்சளாகவே இருந்தது. அழுக்குக் கூடைக்குப் போய்க் குழந்தையின் கவுனை எடுத்தாள். முந்தின நாள் குழந்தை போட்டிருந்தது. என் வெட்டுகிற மேஜையில் அதைக் குப்புற விரித்து, சுருக்கம் நீவி, தெளித்தாள்.

மஞ்சளாக நனைந்தது. கொஞ்சம் பொறுத்து, முதுகில் ஒரு சிவப்பு வந்தது. இடுப்புக்குக் கீழே இன்னொன்று. இடது தோளில், தூக்குகிறவர் மார்போடு சாய்கிற இடத்தில், ஒரு பட்டை. அவள் தன் கையை விரித்து முதுகுச் சிவப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். அது அவள் கையைவிடப் பெரிய கை.

நான் குழந்தையைத் திருப்பி முதுகைத் தடவிப் பார்த்தேன். தோலில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொன்னேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை. அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

தம்பி ஷிப்டு முடிந்து வந்தான். உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையைத் தூக்குவது அவன் வழக்கம். அன்றைக்கும் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். குழந்தை என் இடுப்பிலிருந்து துள்ளியது. நான் கொடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். அந்தத் துணியின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரை பின்னால் போனான். பிறகு குளியலறைக்குப் போய்விட்டான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. இடுப்பில் ஒரு வேட்டியோடு, தோலெல்லாம் தேய்த்துச் சிவந்துபோய், ஈரமாக வந்து அவள் முன்னால் கையை நீட்டி நின்றான்.

"அடி," என்றான்.

அவள் தெளித்தாள். கையில் மஞ்சள் வழிந்தது.

"கழுத்துல."

மஞ்சள்.

"நெஞ்சுல. இன்னொரு தடவை அடி."

மஞ்சள்தான்.

"அக்கா, நாளைக்குப் போய் வேலையை விட்டுட்டு வந்துடறேன்," என்றான். கையால் வாயை மூடவில்லை. வேலை வேலை என்று அத்தனை நாளும் அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். என்னடா செய்யப்போறே என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

குழந்தை அப்பாவிடம் போக வேண்டும் என்று கையைக் காலை உதைத்து அழுதது. "இருடா தங்கம், காயட்டும், காஞ்சதும் தூக்கறேன்," என்றான். மேலெல்லாம் மஞ்சள் வழிய, இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டிக்கொண்டு, ஈரம் காயும் வரை நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தான்.